வங்கிக் கூற்றில் டொலர் இல்லை

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், திருகோணமலை திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் தன் தாயோடு என் அலுவலகத்துக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் ஒரு பற்றுச்சீட்டு, இரண்டு அடகுச் சீட்டுகள், கடையில் அச்செடுத்த எழுபதுக்கு மேற்பட்ட ஸ்கிரீன்ஷொட்டுகள். தொலைபேசியில் குரல் பதிவுகள் வேறு. வெளிநாட்டு இணையச் சந்தையில் பொருள் விற்றுச் சம்பாதிக்கக் கற்றுத்தருவதாகச் சொன்ன ஒருவருக்கு 1,85,000 ரூபாய் கட்டியிருந்தான். தாய் ஒன்றும் பேசவில்லை. அவன்தான் சொன்னான்: "காசு போனாலும் பரவாயில்லை ஐயா. அம்மாட காப்பு ரெண்டும் அடகில கிடக்குது. அதை மட்டும் எப்பிடியாவது மீட்டுத் தாங்கோ." முப்பது வருடத்துக்கு மேல் இந்த நீதிமன்றங்களில் சட்டத்தரணியாக நின்று பழகியவன் நான். அந்த இரண்டு காப்பையும் என்னால் மீட்டுக்கொடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றையும் தவிர்த்திருக்கிறேன்.

அவனைப் பேராசைக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2022ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. கிடைக்கத் தொடங்கியபோது, ஓகஸ்டில், லீற்றர் விலை 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியது. தகப்பனின் படகு கடலுக்குப் போகாத வீட்டில், இருந்த இடத்திலிருந்தே டொலரில் உழைக்கலாம் என்று ஒரு குரல் கேட்டால், அதற்குக் காதுகொடுக்காமல் இருக்க எந்தப் பிள்ளையால் முடியும்?

முதல் கூட்டம் இலவசம். ஒரு மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர். பேசியவரை எல்லாரும் "மென்டர் அண்ணா" என்று அழைத்தார்கள். தான் மூன்று வருடமாக அந்தச் சந்தையில் விற்பதாகவும், மாதம் நாலாயிரம் டொலருக்குக் குறையாமல் வருவதாகவும் சொல்லி, திரையில் தன் விற்பனைக் கணக்கைக் காட்டினார். பச்சை நிறக் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. சட்டமிட்ட ஒரு சான்றிதழைத் தூக்கிப் பிடித்து, "அரசாங்கத்தில பதிஞ்ச நிறுவனம்" என்றார். அன்றிரவுக்குள் சேருவோருக்குக் கட்டணத்தில் கழிவு. அடுத்த நாள் காலை காப்புகள் அடகுக்குப் போயின.

வகுப்புகள் நடந்தன என்பதையும் சொல்லவேண்டும். நாலு மாதத்துக்கு வாரம் இரண்டு இரவு, கணினித் திரை வழியாக. ஆனால் சேர்ந்ததற்கு உண்மையான காரணமான தனிப்பட்ட வழிகாட்டல், அதாவது மென்டர் தானே பக்கத்தில் இருந்து முதல் விற்பனையைச் செய்துகாட்டும் பகுதி, தள்ளிக்கொண்டே போனது. "இன்னும் ரெண்டு கிழமை பொறு தம்பி" என்ற குரல் பதிவுகள் பதினொன்றை நானே எண்ணினேன்.

அந்தப் பதினொரு பொறுமையும்தான் முதல் கதவை மூடின. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரை ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான எடுத்துரைப்பையும் தடைசெய்கிறது. முறைப்பாட்டை விசாரித்து நட்டஈடு கொடுக்கச் சொல்லவும் அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தரணி வேண்டாம், பெரிய செலவும் இல்லை. ஏழைக்கென்றே திறந்த கதவு அது. ஆனால் பொருள் விற்ற அல்லது சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போயிருக்கவேண்டும். கடைசி வகுப்பிலிருந்து எண்ணினாலும் நாங்கள் ஐந்தாவது மாதத்தில் இருந்தோம். பழுதான மின்விசிறிக்கு மூன்று மாதம் போதும். நாலு மாதம் படித்து, பிறகு முயன்று, தோற்று, அதன் பின்னரே ஏமாந்தது தெரியவரும் ஒரு படிப்புக்கு அது போதுமா? சட்டத்தை எழுதியவர்கள் இப்படி ஒரு வியாபாரத்தை அன்று கண்டிருக்க மாட்டார்கள். குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் அதன் விலையைக் கொடுத்தது அந்தத் தாய்தான்.

அடுத்தது பொலிஸ். இது சிவில் பிரச்சினை என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதற்கு ஒரு நியாயம் உண்டு. வழக்கு முழுவதும் அதன்மேல்தான் திரும்பியது என்பதால் அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதலுக்கு, காசு வாங்கும் நேரத்திலேயே நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்கவேண்டும். "ஆறு மாதத்தில் நீ இலட்சக்கணக்கில் உழைப்பாய்" என்பது நாளையைப் பற்றிய பேச்சு. அது பலிக்காவிட்டால், மாணவன் முயலவில்லை, சந்தை சரியில்லை, டொலர் மாறிவிட்டது என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். அவற்றில் ஒன்றையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் "நான் மாதம் நாலாயிரம் டொலருக்கு விற்கிறேன்" என்பது இன்றைய செய்தி. ஒன்றில் அது உண்மை, இல்லாவிட்டால் பொய். எங்கள் உரோமன் டச்சுச் சட்டமும் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கிறது: இருக்கும் ஒன்றைப் பற்றிப் பொய் சொல்லி ஒருவரை ஒப்பந்தத்துக்குள் இழுத்தால், அந்த ஒப்பந்தத்தை உடைத்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே மென்டர் மாணவனுக்குக் கொடுத்த வாக்குறுதிகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் தன்னைப் பற்றிச் சொன்னவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதும்படி பையனிடம் சொன்னேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

சட்டமிட்ட சான்றிதழை முதலில் பார்த்தோம். அது போலியல்ல. வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பிக் கட்டணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் கொடுப்பதுதான். இந்தப் பெயரில் வியாபாரம் செய்பவர் இன்னார் என்பதற்கு மேல் அது ஒரு சொல்லும் சொல்லாது. தொழிற்பயிற்சி கொடுக்கும் நிறுவனம் பதியவேண்டிய இடம் வேறு: 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அங்கே இந்தப் பெயர் இல்லை. கடையின் பெயர்ப் பலகையைக் காட்டி அதைப் பட்டச் சான்றிதழ் என்று நம்பவைத்திருந்தார். அந்த ஊரில் எத்தனை தகப்பன்மார் அந்த அரசாங்க முத்திரையைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார்கள் என்று நினைக்க இப்போதும் மனம் கனக்கிறது.

வழக்குத் தொகை சிறியதாகையால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டியிருந்தது. எதிராளி மூன்று தவணையும் வரவில்லை. இணக்கமின்மைச் சான்றிதழ் கைக்கு வர நாலு மாதம் ஆனது. பிறகுதான் மாவட்ட நீதிமன்றம். அடகுக்கடை வட்டிக்கு மத்தியஸ்த சபையின் தவணைகள் தெரியாது. அது நாள் தவறாமல் ஏறியது.

வழக்குக்காகப் படித்தபோது வெளிநாட்டுத் தீர்மானங்கள் சிலவற்றைப் பார்த்தேன். 2018இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, மினசோட்டா மாநிலத்தோடு சேர்ந்து, 'செல்லர்ஸ் பிளேபுக்' என்ற நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்திருந்தது. அமேசனில் விற்கக் கற்றுத்தருகிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான டொலர் வாங்கிய நிறுவனம். மண்டபம், இலவச வகுப்பு, கழிவு, எல்லாம் ஒரே அச்சு. அந்த நாட்டில் இப்படியான வருமான வாய்ப்பை விற்பவருக்கு ஒரு விதி இருக்கிறது. காசு வாங்குவதற்குக் குறைந்தது ஏழு நாளுக்கு முன் ஒரு பக்கத் தாள் கொடுக்கவேண்டும்: விற்பவர் யார், அவர்மேல் வழக்குகள் இருந்தனவா, காசு திரும்பக் கிடைக்குமா, முன்பு வாங்கியவர்கள் யார், வருமானம் பற்றி ஏதும் சொன்னால் அதற்கு ஆதாரம் என்ன. எங்களிடம் அந்தத் தாள் இல்லை. அந்த ஏழு நாளும் இருந்திருந்தால் காப்பு அடகுக்குப் போகாமலே இருந்திருக்கக்கூடும்.

இந்தியாவில் நடந்த இன்னொன்று இன்னும் பயன்பட்டது. பங்குச் சந்தை வகுப்பு நடத்தி 'பாப் ஒஃப் சார்ட்' என்ற பெயரில் புகழ்பெற்ற ஒருவர் பற்றி, அந்நாட்டின் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் சபையான செபி 2023 ஒக்டோபரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அவருடைய சொந்தக் கணக்கைத் திறந்து பார்த்தபோது, 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவர் வியாபாரத்தில் ஏறத்தாழ 2.89 கோடி இந்திய ரூபாய் நட்டப்பட்டிருந்தார். வகுப்புகளால் திரட்டியதாகச் செபி கணக்கிட்ட 17 கோடிக்கு மேற்பட்ட தொகையைத் தனிக் கணக்கில் வைப்பிலிடச் சொன்னது. அதைப் படித்த இரவே, எங்கள் வழக்கில் எதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளிநாட்டில் விற்றவனுக்குக் காசு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். பேபால் வழியாக இலங்கையில் இருப்பவர் காசு பெற அப்போது வழி இல்லை. பேயோனியர் போன்ற வேறு வழியில் வந்தாலும் செலவழிக்க அது கடைசியில் உள்ளூர் வங்கிக்கு வந்துதான் ஆகவேண்டும். நீதிமன்றக் கட்டளையின் பேரில் வங்கி உத்தியோகத்தர் ஒருவர் இரண்டு வருடக் கணக்குக் கூற்றோடு வந்தார். நான் ஓர் அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திக் கேட்டேன். 1,85,000. 92,500. 92,500. 1,85,000. எல்லாம் உள்ளூர் வைப்புகள், திருகோணமலை, மட்டக்களப்பு, வவுனியா கிளைகளிலிருந்து. "இந்தப் பக்கங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த தொகை எது?" என்று கேட்டேன். உத்தியோகத்தர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கங்களைப் புரட்டினார். "அப்படி ஒன்றும் இல்லை, சேர்." பின் வரிசையில் இருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய 1,85,000 ஏழாம் பக்கத்தில், கீழிருந்து மூன்றாவது வரியில் இருந்தது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி திறமையானவர். வகுப்பு நடந்தது, பாடம் கொடுக்கப்பட்டது, மாணவன் தோற்றால் ஆசிரியர் காசைத் திருப்பிக் கொடுப்பதா என்று கேட்டார். நல்ல வாதம். எல்லா ஆசிரியர்களுக்கும் பொருந்தும் வாதம் என்பதால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. என் பதில் இதுதான்: அந்தப் பாடங்களை அமேசனே தன் விற்பனையாளர்களுக்கு இலவசமாகத் தருகிறது, இங்கே டராஸ் இணையச் சந்தையும் தருகிறது. பாடத்துக்கு இந்த விலை இல்லை. செய்து காட்டிய ஒருவரின் அனுபவத்துக்குத்தான் இந்த விலை. அந்த அனுபவம் இல்லையென்றால், விற்கப்பட்ட பொருளே இல்லை. திரையில் காட்டிய பச்சைக் கோடு யாருடைய கணக்கு என்று கேட்டபோது, எதிராளி "உதாரணத்துக்காகக் காட்டியது" என்றார்.

தீர்ப்பு வரைக்கும் போகவில்லை. அடுத்த தவணையிலேயே இணக்கத்துக்கு வந்தார்கள். முழுத்தொகையும் ஆறு தவணையில் என்று பதிவாகித் தீர்ப்பாணையானது. நான் ஒப்புக்கொள்ளச் சொன்னேன். தீர்ப்புக்கு நின்றிருந்தால் மேன்முறையீடு, இன்னும் சில வருடம். ஒரு வழக்கை வென்று பெயர் எடுப்பதற்கும் ஒரு குடும்பத்துக்குக் காசு வருவதற்கும் இடையில் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் காப்புகள் அதற்குள் ஏலத்தில் போய்விட்டன. அறிவித்தல் கடிதம் வந்திருந்ததாம். வழக்குத்தான் நடக்கிறதே, அதைக் காட்டினால் நிறுத்துவார்கள் என்று தாய் நம்பியிருந்தார். இரண்டும் வெவ்வேறு ஒப்பந்தங்கள், ஒன்றுக்காக மற்றது நிற்காது என்று நான் முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அது என் தவறு.

இப்படி ஒரு வகுப்புக்குக் காசு கட்ட உங்கள் வீட்டில் யாராவது புறப்பட்டால் தடுக்கச் சொல்லவில்லை, நல்லவர்களும் கற்றுத்தருகிறார்கள். ஆனால் கட்டுவதற்கு முன், அவர் விற்றதற்கு வெளிநாட்டிலிருந்து காசு வந்த வங்கிப் பதிவைக் கேளுங்கள், ஸ்கிரீன்ஷொட் வேண்டாம். அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு கைக்கு வந்ததும், அதன் திகதியிலிருந்து மூன்று மாதம் முடியும் நாளை அன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.