காசு வெளியே வரும் பாதை

கணினித்துறையில் வேலை செய்கிறவன் என்றால் எங்கள் சனத்துக்கு அவன் பாதி வைத்தியன், பாதி சாத்திரி. பிரின்டர் வேலை செய்யாவிட்டாலும் அவனிடம்தான் வருவார்கள், கடவுச்சொல் மறந்தாலும் அவனிடம்தான். நான் இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டு சுவிஸுக்கு வந்தவன். பதினைந்து வருடமாக வங்கிகளின் கொடுப்பனவு மென்பொருட்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் ஓல்டனில் தெரிந்த தம்பி ஒருவன் கைபேசியை நீட்டி, "அண்ணை, காசு வெளியில வருதில்லை, ஒருக்காப் பாருங்கோ" என்றபோது, கேள்வி என் தொழிலுக்குள்ளேயே இருந்தது.

அது ஒரு ஒன்லைன் கசினோ. திரையில் 11,300 பிராங்க் என்று பச்சை எழுத்தில் கிடந்தது. அதற்குக் கீழே 'செயலாக்கத்தில் உள்ளது' என்று ஜெர்மன் மொழியில் ஒரு வரி. பத்தொன்பது நாளாக அந்த வரி மாறவில்லை. அவன் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறான். விளையாட்டில் போட்டது 4,000 பிராங்க், அதுவும் சீட்டுக் காசு. இருபது பேர் மாதம் 500 பிராங்க் கட்டும் ஏலச்சீட்டை, அவசரத்துக்கு 1,800 கழிவு விட்டு 8,200க்கு எடுத்திருந்தான். பாதி ஊரில் தங்கையின் வீட்டு வேலைக்குப் போனது. மற்றப் பாதி இதற்குள் போனது.

அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவன் அவன் ஒருவன் மட்டுமல்ல.

திரையில் தெரியும் தொகை காசு இல்லை. 'இவருக்கு இவ்வளவு கொடுக்கவேண்டும்' என்று நடத்துகிறவரின் கணக்கில் இருக்கும் ஒரு பதிவு அது. வங்கியில் இருக்கும் எங்கள் மீதியும் பதிவுதான். ஆனால் அதன் பின்னால் மேற்பார்வை இருக்கிறது, 100,000 பிராங்க் வரை வைப்புப் பாதுகாப்பு இருக்கிறது. கசினோவில் 'பணம் எடு' என்று அழுத்தியவுடன் எதுவும் புறப்படுவதில்லை. விளையாடக்கூடிய தொகை என்ற பெட்டியிலிருந்து நிலுவை என்ற பெட்டிக்கு அந்த இலக்கம் மாறுகிறது, அவ்வளவுதான்.

பிறகு சரிபார்ப்பு. ஆள் யார், வயது என்ன, வதிவிடம் எங்கே, காசு போகும் கணக்கு அவருடைய பெயரில்தான் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுவிஸில் கசினோக்களும் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அதனால்தான் கடவுச்சீட்டின் படமும் முகவரி உள்ள கடிதமும் கேட்கிறார்கள், காசு உள்ளே வந்த வழியாகவே திருப்பி அனுப்ப விரும்புகிறார்கள். இது முடிந்தபிறகு ஒருவரோ ஒரு மென்பொருளோ ஒப்புதல் கொடுக்கவேண்டும். அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் கட்டளை வங்கிக்கு வருகிறது.

என் வேலை தொடங்குவது அங்கேதான். சுவிஸ் வங்கிகளுக்கிடையே பணத்தைத் தீர்க்கும் எஸ்.ஐ.சி. அமைப்பு 1987 முதல் ஓடுகிறது. 2024 ஓகஸ்டிலிருந்து பெரிய வங்கிகள் உடனடிக் கொடுப்பனவைப் பெறக்கூடியதாக இருக்கவேண்டும். அப்படி அனுப்பினால் பத்து விநாடிக்குள் வந்துவிடும், ஞாயிறானாலும் நள்ளிரவானாலும். சாதாரணக் கட்டளை என்றால் ஒரு வேலைநாள். கடனட்டைக்குத் திருப்புவதென்றால் சில நாட்கள். ஆகவே பத்தொன்பது நாள் என்பது வங்கியின் நேரம் அல்ல. ஓல்டன் நிலையத்தில் பாசல் ரயிலும் பேர்ன் ரயிலும் சூரிச் ரயிலும் சில நிமிடங்களில் மாறிப் போகின்றன. அங்கே ஒருவன் பத்தொன்பது நாள் நின்றால் அவனை யாரோ மறித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஏன் மறிக்கிறார்கள்? 'செயலாக்கத்தில் உள்ளது' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது: 'கோரிக்கையை இரத்துச் செய்'. அதை அழுத்தினால் நிலுவைப் பெட்டியிலிருந்து இலக்கம் உடனே விளையாட்டுப் பெட்டிக்குத் திரும்பிவிடும். சரிபார்ப்பு இல்லை, கடவுச்சீட்டு இல்லை, ஒரு விநாடி போதும். காசு வெளியே போகும் பாதையில் ஆயிரம் கதவு, திரும்பி உள்ளே வரும் பாதையில் ஒரு கதவும் இல்லை. நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒரு திரையில் எந்தப் பொத்தானும் தானாக முளைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். இப்படி எடுப்பதை இரத்துச் செய்யும் வசதியை பிரித்தானியச் சூதாட்ட ஆணையம் 2021இல் நிரந்தரமாகத் தடைசெய்தது. அந்தப் பொத்தான் யாருக்கு உதவுகிறது என்பதை ஒரு நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பே ஒத்துக்கொண்ட மாதிரி.

இரண்டாவது மறிப்பு போனஸ். 100 பிராங்க் இலவசம் என்பார்கள். அதை 35 தடவை சுழற்றினால்தான் எடுக்கலாம் என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அதாவது 3,500 பிராங்குக்குப் பந்தயம் கட்டவேண்டும். நூற்றுக்கு நான்கை வைத்துக்கொள்ளும் ஆட்டமென்றால் சராசரியாக 140 பிராங்க் அங்கேயே போய்விடும். இலவசமாகக் கிடைத்ததைவிட 40 பிராங்க் அதிகம்.

இந்த நாட்டில் முறையான வழியும் இருக்கிறது. 2018 ஜூன் 10ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 72.9 வீதமானோர் ஆம் என்று சொன்ன பணவிளையாட்டுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. நிலத்தில் கசினோ நடத்த உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே இணையத்திலும் நடத்த அனுமதி. பாடன், லுட்சேர்ன், பேர்ன் கசினோக்கள் அப்படித்தான் இணையத்துக்கு வந்தன. மேற்பார்வை செய்கிற ஆணையம் பேர்னில் இருக்கிறது. வென்றதைத் தராவிட்டால் முறையிட ஒரு கதவு உண்டு. உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்கள் 2019 ஜூலையிலிருந்து முடக்கப்படுகின்றன. ஆனால் முடக்குவது பெயரைத்தான். ஒரு பெயரை அடைத்தால் அடுத்த கிழமை இன்னொரு பெயரில் வருவார்கள். தம்பிக்கு அந்த இணைப்பு கைபேசிக் குழு ஒன்றில், தமிழிலேயே வந்திருக்கிறது.

அங்கே விளையாடியதற்காக அவனை யாரும் தண்டிக்கப்போவதில்லை. ஆனால் அவனுக்காக யாரும் கேட்கப்போவதுமில்லை. சூதிலிருந்தும் பந்தயத்திலிருந்தும் கடன் உரிமை பிறப்பதில்லை என்கிறது சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 513ஆவது பிரிவு. உரிமம் பெற்ற ஆட்டங்களுக்குத்தான் அதில் விலக்கு. அவனுடைய 11,300க்குப் பின்னால் சட்டமும் இல்லை, விலாசமும் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் தளத்திலிருந்து கடிதம் வந்தது. வரியாகப் பத்து வீதம், 1,130 பிராங்க், முதலில் கட்டினால் முழுத் தொகையும் விடுவிக்கப்படுமாம். அவன் கண்ணில் நம்பிக்கை தெரிந்தது. "ஆயிரத்தைக் கட்டினா பதினோராயிரம் வருமெல்லோ அண்ணை?" நான் சொன்னேன்: "வரி எண்டால் அதிலயே கழிச்சுக்கொண்டு மிச்சத்தைத் தருவாங்கள் தம்பி. உன்னட்ட வேற காசு கேட்கிறவன் ஒருநாளும் தரமாட்டான்." சுவிஸிலும் பெரிய பரிசுகளுக்கு வரி பிடிப்பது அப்படித்தான், பரிசிலிருந்தே. அவன் 1,130 பிராங்கைக் கட்டவில்லை. அன்றைக்கு அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் இருபத்தைந்தாம் நாள் இரவு, வேலை முடிந்து வந்து, அவன் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டான். "சும்மா கிடக்கிற காசுதானே எண்டு நினைச்சன்" என்றான். விடியமுன் 11,300உம் பூச்சியமாகிவிட்டது. அந்தத் தளத்தில் எந்த இடமும் பழுதாகியிருக்கவில்லை. காக்கவைத்தார்கள், காத்திருந்தவன் களைத்தான், களைத்தவன் திரும்பிப் போனான். அதற்காகத்தான் அந்த இருபத்தைந்து நாளும்.

சீட்டைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கடதாசி இல்லை, கையெழுத்து இல்லை, யாராவது ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஓடியவர்களும் உண்டு. ஆனாலும் சீட்டுப் பிடிக்கிற அக்காவின் வீடு எது என்று இருபது பேருக்கும் தெரியும். டிரிம்பாக் மனோன்மணி அம்மன் கோயிலுக்குப் போனால் கண்ணில் படுவார். காசு யாரிடம் நிற்கிறது, எப்போது வெளியே வரும் என்ற இரண்டு கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது. எந்தத் தளத்திலும் காசு போடுமுன் கேட்கவேண்டிய கேள்விகளும் அவைதான். போட்டபிறகு கேட்டால் 'செயலாக்கத்தில் உள்ளது' என்ற பதில்தான் வரும்.

சுவிஸில் ஒருவர் தனக்குத் தானே ஆட்டத் தடை போட்டுக்கொள்ளலாம். நாட்டிலுள்ள எல்லாக் கசினோக்களுக்கும், அவற்றின் இணையத் தளங்களுக்கும் அது பொருந்தும். குறைந்தது மூன்று மாதத்துக்கு எடுக்கமுடியாது. 0800 040 080 என்ற இலக்கத்தில் இலவசமாகப் பேசி உதவி கேட்கலாம். தம்பி இரண்டையும் செய்தான். "அண்ணை, இந்தத் தடை மற்றத் தளத்துக்கும் செல்லுமோ?" என்று கேட்டான். செல்லாது என்று உண்மையைச் சொன்னேன். அந்தக் கதவை அவனேதான் பூட்டிவைக்கவேண்டும்.

சீட்டுக்கு இன்னும் பதினொரு மாதம் கட்டவேண்டும், 5,500 பிராங்க். அக்கா தவணை தரலாம் என்றார். அவன் வேண்டாம் என்றுவிட்டான். ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி சம்பளம் விழுந்தவுடன், வேறெதற்கும் முன், 500 பிராங்க் அக்காவின் கணக்குக்குப் போகும்படி அவனுடைய வங்கிச் செயலியில் ஒரு நிரந்தரக் கட்டளை போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. முதல் மாதக் காசு அன்றைக்கே அக்காவுக்குக் கிடைத்துவிட்டது.