ஓசையும் ஓய்வும்

திருமண வீட்டில் சமையற்காரரைப் பாராட்டுவார்கள்; பந்தல் போட்டவரையும் பாராட்டுவார்கள். 'ரேடியோ செட்டுக்காரர்' மட்டும் பாட்டு நின்றுபோனால்தான் நினைவுக்கு வருவார். இன்று 'டி.ஜே.' என்னும் பெயரில் வண்ண விளக்குகளோடு வந்து இறங்கும் இளைஞர்களுக்கு முன்னோர்கள் நாங்கள்தாம். பாகலூரில் மூன்று தலைமுறையாக இத்தொழிலைச் செய்து வரும் குடும்பம் எங்களுடையது. எங்கள் கையில் இயந்திரங்கள் எப்படி மாறின, அம்மாற்றத்தில் எது கைநழுவிப் போயிற்று என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கருநாடக எல்லைக்கு அருகே அமைந்தது எங்களூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும். ஆகவே, இங்கே பாட்டுப் போடுபவன் நான்கு மொழி இசைத்தட்டுகளையும் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் நாகூர் ஈ.எம். அனிபாவின் கம்பீரக் குரலைக் கேட்பார்கள். அடுத்த வீட்டில் முகமது ரஃபி வேண்டும் என்பார்கள். இன்னொரு வீட்டில் கண்டசாலா. பி.பி. ஸ்ரீநிவாஸ் பல வீடுகளுக்கும் பொதுவானவர். தமிழ்ப் படங்களில் ஜெமினி கணேசனுக்கும், கன்னடப் படங்களில் ராஜ்குமாருக்கும் பாடியவரல்லவா! எந்த வீட்டில் எந்தத் தட்டை முதலில் எடுப்பது என்னும் அறிவே எங்கள் தொழிலின் மூலதனமாக இருந்தது.

என் அத்தா தொழில் தொடங்கியபோது, நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளின் காலம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கல்கத்தாவில் 1908ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டுவிட்டது. அங்கிருந்து புறப்பட்ட தட்டுகள் இந்த எல்லைப்புறச் சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்தன. கீழே விழுந்தால் ஓடுபோல் நொறுங்கும். எஃகு முள்ளையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பாடும்.

அத்தாவிடம் ஒரே ஓர் இசைத்தட்டுப் பெட்டிதான் இருந்தது. ஆகையால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் பெரியவர்கள் சம்பந்தி வீட்டாரை நலம் விசாரிப்பார்கள், சாப்பாட்டுக்கு அழைப்பார்கள். "தட்டு தீர்ந்ததும் அடுத்ததை உடனே வைக்காதே, தம்பி. கொஞ்ச நேரம் மனிதர்கள் பேசட்டும்" என்பார் அத்தா. பாங்கு ஒலிக்கத் தொடங்கினால், யார் வீட்டு விசேஷமானாலும் முள்ளைத் தூக்கிவிடுவார். மற்ற சமயத்து நண்பர்களும் அதை இயல்பாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

பின்னர் வந்த ஒவ்வொரு கருவியும் அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான நீள்இசைத்தட்டு, ஒரு பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேல் பாடியது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கேசட், நாங்கள் வாங்கிய அளவுகளில், முப்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடம் ஓடியது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு எழுபது நிமிடத்தைத் தாண்டியது. இன்று விரல் நீளமுள்ள பென் டிரைவில் ஆயிரக்கணக்கான பாடல்கள் அடங்குகின்றன. அதற்கு முடிவென்பதே இல்லை.

கேசட் வந்தபோது வேறொன்றும் நிகழ்ந்தது. 1980இல் ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது, டி.வி.எஸ். 50 வண்டியும் அதே ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்தது. வெளியூர்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் வீடுகளில் டேப் ரெக்கார்டர் இடம்பிடித்தது. பாடல்களின் பட்டியலையும் வெற்றுக் கேசட்டையும் கொடுத்தால், பதிவு நிலையத்தார் விரும்பியபடி பதிந்து தருவார்கள். அதைக் கொண்டுவந்து, "இதையே போடுங்கள்" என்றார்கள் வாடிக்கையாளர்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கள் கையைவிட்டுப் போயிற்று. அதற்காக நான் வருந்தவில்லை. அவரவர் வீட்டு மகிழ்ச்சிக்கு அவரவர் பாட்டு. ஆனால் இயந்திரத்தை இயக்குவது மட்டுமே எங்கள் வேலையென்று ஆனது.

இடைவெளியே இல்லாத இசைக்கும் ஒரு வரலாறு உண்டு. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11 அன்று, ஜமைக்காவிலிருந்து குடியேறிய 'கூல் ஹெர்க்' என்னும் இளைஞர் ஒரு விருந்தில் பாட்டுப் போட்டார். ஒரே பாடலின் இரண்டு தட்டுகளை இரண்டு பெட்டிகளில் வைத்து, ஆடுவோருக்குப் பிடித்த தாளப் பகுதியை மாற்றி மாற்றி நீட்டிக்கும் முறையை வளர்த்தவர் அவர். அதில் கலை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அது ஆடுவதற்காகக் கூடியோருக்கான கலை. நம் திருமண வீட்டிற்கு ஆடுவோர் மட்டுமா வருகிறார்கள்? எண்பது வயதுப் பாட்டியும் வருகிறார். பிறந்து நாற்பது நாளான குழந்தையும் வருகிறது.

ஓசையின் அளவும் கூடிவிட்டது. காதுக்கு இருமடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு மின்திறன் வேண்டும். அதனால்தான் அக்காலத்தில் ஐம்பது வாட் பெருக்கியோடு போன இடத்திற்கு இன்று ஆயிரக்கணக்கான வாட்டோடு போகிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என வரம்பு வகுத்திருக்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. திறந்தவெளியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்பதை உச்ச நீதிமன்றமும் 2005இல் வலியுறுத்தியது.

இப்போது தொழிலை நடத்துபவன் என் மகன். சில ஆண்டுகளுக்கு முன், எல்லைக்கு அப்பால் ஒரு திருமண வரவேற்பில், மணி பத்தானதும் அவன் ஒலியை நிறுத்தினான். இன்னும் ஒரு மணி நேரம் வேண்டுமென்று வீட்டார் வற்புறுத்தினர். அவன் இணங்கவில்லை. பேசிய தொகையில் பாதியைத்தான் கொடுத்து அனுப்பினார்கள். மீதி இன்றளவும் வரவில்லை. அந்த மாதம் ஒலிப்பெட்டிகளுக்கான கடன் தவணையை அவன் மனைவியின் சேமிப்பிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று.

அரக்குத் தட்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றது. இன்றைய கருவி தானாக நிற்பதில்லை. மனிதன்தான் நிறுத்த வேண்டும். நிறுத்துபவனுக்கு நஷ்டம் வருமென்றால், அந்தத் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு விசேஷத்திற்கு டி.ஜே.யிடம் முன்பணம் கொடுக்கும்போது, பாட்டு எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று சொல்வீர்கள். எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், நடுவில் எப்போது ஓய வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.