அடங்கி எழும் மூச்சு

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் என்பதால் வந்த பெயர். மூன்று ஆறுகள் கூடியும் ஆண்டில் பெரும்பகுதி மணலைத்தான் பார்க்கிறோம் என்பது வேறு கதை! இங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு, வீரராசேந்திர சோழர் (1063–1070) காலத்தில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை இங்கே நடந்ததைக் கூறுகிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம். நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். மருந்துப் பட்டியலில் வாசா அரீதகி என்றொரு பெயர் வருகிறது. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த அம்மருந்து இருமலுக்கும் இரைப்புக்கும் உரியது.

இரைக்கின்ற மூச்சு எல்லோர் காதிலும் விழும். ஓசையே இல்லாமல் நின்றுபோகும் மூச்சும் உண்டென்பதை என் தாத்தாவிடந்தான் கண்டேன்.

தாத்தா நாற்பது ஆண்டுகள் பட்டுத்தறிக் குழியில் கால் வைத்தவர். மாரடைப்பு வந்தபின் இதயம் தளர்ந்துவிட்டது. இரவில் அவர் மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகும்; உச்சிக்குப் போய்ப் படிப்படியாகத் தணியும்; பிறகு அறவே நின்றுவிடும். பாட்டி இருட்டில் உட்கார்ந்து எண்ணுவார். இழை எண்ணிப் பழகியவர் அல்லவா? சில வேளை இருபதைத் தாண்டியும் எண்ண நேர்ந்ததுண்டு. அதன்பின் ஒரு நெடுமூச்சோடு எல்லாம் மறுபடி தொடங்கும்.

“குறட்டைதானே?” என்றார்கள் அக்கம்பக்கத்தார். மருத்துவர் மட்டும் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டார்: “மூச்சு நின்றபோது நெஞ்சு ஏறி இறங்கிற்றா, அம்மா?” “இல்லை ஐயா, அசையவே இல்லை.” அந்த விடையில்தான் நோயின் வகை இருந்தது. தொண்டை அடைத்து மூச்சு நிற்குமானால் நெஞ்சு போராடும். நெஞ்சும் சும்மா கிடந்தால் மூளையிலிருந்து ஆணையே வரவில்லை என்று பொருள். இரவு முழுதும் கருவி பூட்டிச் செய்த சோதனையும் அதையே உறுதி செய்தது.

மூளை ஏன் ஆணையிட மறக்கிறது? மறக்கவில்லை நண்பர்களே, அளவுக்கு மீறித் திருத்துகிறது! விழித்திருக்கும்போது மூச்சை நடத்த விழிப்பே ஒரு துணை. உறக்கத்தில் அது விலகிவிட, குருதியிலுள்ள கரியமில வாயுவின் அளவைப் பார்த்தே பெரும்பாலும் முகுளம் ஆணையிடுகிறது. மிகுதியாக மூச்சு வாங்கினால் அவ்வாயு குறையும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் ஆணை நிற்கும்.

ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்கு இது எளிது. கடைமடையில் நிற்பவர் குரல் கொடுக்க, மடையைத் திறப்பதும் அடைப்பதும் நடக்கும். வாய்க்கால் தூர்ந்து நீர் ஊர்ந்து வந்தால்? அவர் ‘போதும்’ என்னும்போது வழியிலுள்ள நீரும் வந்து வயல் வழியும். ‘திற’ என்றபின் நீர் வருவதற்குள் வயல் காயும். தளர்ந்த இதயம் குருதியைத் தாமதமாக அனுப்புவதும் அப்படித்தான். நுரையீரலில் நடந்தது மூளைக்குப் பிந்தித் தெரிகிறது. நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சை விரைவுபடுத்தும் உணர்விகளும் உள்ளன. அவற்றை 1955-இல் கண்டவர் நம் இந்திய அறிஞர் ஏ. எஸ். பைண்டல்.

இந்த ஏற்ற இறக்க மூச்சை டப்ளின் நகரத்து மருத்துவர் செய்ன் 1818-இலும் ஸ்டோக்ஸ் 1854-இலும் எழுதி வைத்தார்கள். உயர்ந்த மலைகளில் உறங்கும் நலமுள்ளவர்களுக்கும் இது வருவதுண்டு.

கருவி வாங்கி மாட்டினால் தீராதா என்று என் சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மூச்சுக்கு மூச்சு காற்றழுத்தத்தை மாற்றித் தரும் ஒருவகைக் கருவியை, இதயத்தின் விசை மிகக் குறைந்தவர்களுக்குப் பொருத்திப் பார்த்த பெரிய ஆய்வொன்று 2015-இல் வெளியாயிற்று. மூச்சு சீரானது, இதயநோயால் இறந்தவர் தொகையோ கூடியது! ஆகவே மருத்துவர் முதலில் இதயத்துக்கான மருந்துகளையே திருத்தி அமைத்தார்.

சில வாரங்களில் இடைவெளிகள் குறைந்தன. பாட்டியின் எண்ணிக்கை இப்போது பத்தை எட்டுவது அரிது. தாத்தாவோ இதில் எதையும் நம்புவதாக இல்லை. “நான் நன்றாகத்தானே தூங்கினேன், இவள்தான் தூங்கவில்லை” என்கிறார்.