மாதவமாலாவில் கற்ற பாடம்

திருப்பதிக்குச் செல்வோர் பெரும்பாலும் ஏழுமலையானைத் தரிசித்துவிட்டு, லட்டுப் பிரசாதத்துடன் அடுத்த வண்டியைப் பிடித்துவிடுவர். நானும் பன்முறை அவ்வாறே திரும்பியிருக்கிறேன். சென்ற கோடையில் மட்டும் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. அதற்குக் காரணம், என்னுடன் பயணம் செய்த ஒரு கிதார்.

என் மகளுக்காக ஈராண்டுகளாக, அலுவலகம் விட்டு வந்த மாலை வேளைகளில் நானே செய்த கிதார் அது. முதுகும் பக்கங்களும் ஈட்டி மரம். முகப்புப் பலகை ஸ்புரூஸ் மரம். உருவம் ஒருவாறு அமைந்துவிட்டது, அழகுதான் அமையவில்லை. இடுக்கி அழுத்தியதால் முகப்பில் ஒரு பள்ளம். விளிம்புப் பட்டையை ஒட்டி ஒரு சந்து. நரம்புகளைத் தாங்கும் குதிரையின் பின்புறம் மயிரிழை போன்றதொரு கோடு. எல்லாவற்றையும் கறுப்பு வர்ணத்தால் மறைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். மரமறிந்த ஒருவரிடம் முதலில் காட்டிவிடுவோமே என்று தோன்றியதால், அதை உடன் எடுத்துச் சென்றேன்.

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் ஏர்ப்பேடு என்னும் நிலையம் உள்ளது. அங்கிறங்கி ஆட்டோவில் சென்றால் மாதவமாலா. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாகும் வரை இவ்வூர் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தெருவுக்குள் நுழைந்தவுடன் உளியோசை வரவேற்கிறது. திண்ணைகளில் பெருமாளும் விநாயகரும் பாதி உருவில் காத்திருக்கின்றனர். நம் வீட்டுக் கொலுவில் நிற்கும் மரப்பாச்சிக்கு உரிய செம்மரம் இப்பக்கத்து மலைகளில் விளைவது. நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அரசின் கட்டுப்பாடு மிகுந்த மரமாதலால், வேம்பு, தேக்கு முதலியவற்றிலும் செதுக்குகின்றனர்.

முதிய தச்சர் ஒருவரிடம் கிதாரைக் காட்டினேன். தெலுங்கு கலந்த தமிழில், “வர்ணம் வேண்டாம், தம்பி. பள்ளத்தின்மேல் வர்ணம் பூசினால், பளபளக்கும் பள்ளமாகிவிடும்” என்று சொல்லிச் சிரித்தார்.

ஈரத்துணி ஒன்றைப் பள்ளத்தின்மீது விரித்து, இஸ்திரிப் பெட்டியின் நுனியை ஒரு கணம் வைத்து எடுத்தார். ஆவி எழுந்தது. இரண்டு மூன்று முறை அவ்வாறு செய்ததும் பள்ளம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. “நார் நசுங்கியிருந்தால் நீர் குடித்து எழும், அறுந்திருந்தால் எழாது” என்றார்.

அடுத்து, சந்தைப் பார்த்தார். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைப்பது எளிது. ஆனால் பாலிஷ் ஏறியதும் அவ்விடம் கறுத்துக் காட்டும் என்றார். மிக மெல்லிய இடைவெளிக்கே தூள் தகும். சற்று அகன்றிருந்தால் அதே மரத்தின் சிராயை, ரேகையோடு ரேகை பொருந்தச் செருகவேண்டும். வழிந்த பசையையும் ஈரம் காயுமுன் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பசையின்மேல் பாலிஷ் ஊறாது.

மூன்றாவது கோட்டை மட்டும் அவர் தொடவில்லை. ஒரு மெல்லிய காகிதத்தை எடுத்துக் குதிரையின் அடியில் செருகினார். காகிதம் உள்ளே நழுவிச் சென்றது.

“இங்கே எவ்வளவு பாரம் இழுக்கும்?”

ஆறு நைலான் நரம்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுவிசை தரும் என்றேன்.

“அப்படியானால் இது அழகுக் குறை அன்று, தம்பி. இதை அடைக்காதே; கழற்று” என்றார்.

எனக்கு நாணமாயிருந்தது. மூன்று குறைகளுள் மிகச் சிறிதாகத் தோன்றியதே மெய்யான குறை. வர்ணம் பூசியிருந்தால் அதுவும் மறைந்திருக்கும். பின்னொரு நாள் என் மகளின் கையிலேயே குதிரை பெயர்ந்திருக்கும்.

ஸ்பெயின் நாட்டுக் கிதார்ச் சிற்பி அந்தோனியோ தெ தோரெஸ், 1862இல் முகப்பை மட்டும் நல்ல மரத்தில் வைத்து, முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழால் செய்து ஒரு கிதார் அமைத்தார். ஒலிக்கு உயிர் முகப்பிலேயே என்று காட்டவே அவ்வாறு செய்தார். அது இன்றும் பார்சலோனா நகரின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. காகித முதுகு பொறுக்கத்தக்கது. ஒட்டாத குதிரை பொறுக்கத்தக்கதன்று.

வீடு திரும்பியதும், சூடேற்றிய மெல்லிய தகட்டால் குதிரையைப் பெயர்த்தெடுத்தேன். பழைய பசையைச் சுரண்டி, அடிப்புறத்தைப் பலகையின் வளைவுக்கு இணங்கச் செதுக்கி, மீண்டும் ஒட்டினேன். எரிசாராயத்தில் கரைத்த அரக்கைப் பாலிஷாக ஏற்றினேன். விளிம்பில் செருகிய சிராய் உற்றுப் பார்ப்போர்க்கு இன்னும் தெரியும். மகள் வாசிக்கும்போது அவ்விடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுதானே அந்தத் தாத்தா சொன்ன இடம்?” என்று கேட்கிறாள்.

திருப்பதி செல்லும் அன்பர்கள் ஒரு நாள் ஒதுக்கி ஏர்ப்பேட்டில் இறங்குக. அந்த உளியோசை மலைக்கோயில் மணியோசையைப் போலவே நெஞ்சில் நிற்கும்.