கதிரவெளியில் கட்டிய மூட்டை

வெருகலாற்றைக் கடந்து தெற்கே வருவோரை வரவேற்கும் சிற்றூர் கதிரவெளி. கிழக்கே கடலிரைச்சல்; மேற்கே வயலும் பற்றைக்காடும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து வேல் தாங்கிக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் இவ்வழியேதான் செல்லும். போரினால் தடைப்பட்டிருந்த அந்தப் பாதயாத்திரை 1988இல் புத்துயிர் பெற்றது. கூட்டம் வருமுன்னரே இங்கு வந்து தங்கி, ஆயத்தங்களை முடித்துக்கொண்டு உடன் நடப்பதென நாமும் நம் தமையனாரும் எண்ணியிருந்தோம். நேர்த்தி அவருடையது, நாம் துணை.

“கிளிமஞ்சாரோ ஏறப்போகிறவர் போலல்லவா பயிற்சி செய்கிறீர்கள்!” என்று புறப்படுமுன் நம் மாணவனொருவன் நகைத்தான். 5,895 மீற்றர் உயர்ந்த அந்த ஆபிரிக்க மலையிலும் வழிகாட்டியின்றி ஏற விடமாட்டார்கள். ஆயினும் கூடாரத்தையும் உணவையும் சுமக்க அங்கே கூலியாட்கள் உண்டு. இங்கே நம் தோள்தான். அங்கே அச்சம் மெலிந்த காற்று. இங்கே வெயிலும் தண்ணீரின்மையும்.

வந்த மறுநாளே, பழகிக்கொள்வோமென்று நண்பகலில் வெறுங்காலுடன் வாகரை வீதியில் நடந்தோம். கச்சான் காற்று அனலாய் வீசிற்று. அரைமணியில் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. படித்தவரென்ற பெயர் வேறு!

பன்முறை காட்டுவழி நடந்த ஊர்ப் பெரியவரொருவர் நமக்கு வழிகாட்டியாக வாய்த்திருந்தார். “விடியமுன்ன நடவுங்க தம்பி. இண்டைக்கு ஒரு கட்டை, நாளைக்கு ரெண்டு கட்டை” என்றார். பின்னர் நம் மூட்டையை அவிழ்த்தார். தலையணை, தடித்த நூலொன்று, பிஸ்கோத்துப் பெட்டி யாவும் வெளியே வந்தன. மாற்றுடையொன்று, போர்வை, அவல், சர்க்கரை, உப்பு, மருந்து, தண்ணீர்க் கலன் இவையே மிஞ்சின.

பொத்துவில் வரை கவலையில்லை. ஊருக்கு ஊர் அன்னதானம் கிடைக்கும். உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால்தான் சோதனை. ஆண்டுதோறும் குறித்த நாட்களில் மட்டுமே திறக்கப்படும் காட்டுவழி அது. குமண, யால வனங்களூடே சில நாட்கள் நடந்து மாணிக்க கங்கையை அடையவேண்டும். யானையும் கரடியும் உலவும் காடாதலால் கூட்டத்தை விட்டு முந்துவதும் ஆகாது, பிந்துவதும் ஆகாது. “ஒராள் விழுந்தா எல்லாரும் நிப்பம் தம்பி. நிண்டா, குடிக்கிறது எல்லாருட தண்ணியும்” என்றார் பெரியவர்.

தமையனாருக்கு நீரிழிவு. பெரியவர் அவர் பாதத்தை ஏந்திப் பார்த்தார். முள் தைத்துப் புண்ணாகியிருந்தது. அவரோ அதை உணரவேயில்லை. அந்நோய் நரம்பைத் தாக்கினால் பாதம் உணர்விழக்கும். ஆறாத புண் காலையே வாங்கிவிடும்.

“பெரிய தம்பி, நீங்க வாகனத்தில வாங்க. முருகன் கோவிக்கமாட்டார்.”

தமையனார் நெடுநேரம் பேசவில்லை. அன்றிரவு, நேர்த்திக்காசு முடிந்த மஞ்சள் துணியை நம் மூட்டையில் வைத்து, “மாணிக்க கங்கைக் கரையில் காத்திருப்பேன்” என்றார்.

விடியலில் பெரியவர் மூட்டையை மறுபடியும் தூக்கி நிறை பார்த்தார். பிஸ்கோத்துக்குக்கூட இடங்கொடாத அவர், அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூட்டையை இறுகக் கட்டி நம் தோளிலேற்றினார்.