பாகவதரைச் சாய்த்தது சிறையா, மைக்கா?

எம்.கே. தியாகராஜ பாகவதரின் சரிவுக்குக் காரணம் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குதான் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கைதானார், 1947இல் விடுதலையானார், அடுத்து வந்த ‘ராஜமுக்தி’ ஓடவில்லை. கணக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே வழக்கில் அதே சிறையிலிருந்து அதே ஆண்டு வெளியே வந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனை மக்கள் கைவிடவில்லையே! ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று அவர் நிமிர்ந்து நின்றார். சிறைக் களங்கம் ஒருவரை மட்டுமா ஒட்டும்?

பாகவதரின் புகழ் குரலில் கட்டப்பட்டது. முப்பதுகளில் நடிகர் கேமரா முன் நின்றபடியே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே மறைந்து வாசிப்பார்கள். பாடத் தெரியாதவன் கதாநாயகன் ஆவது கடினம். மைக் முன் வேறொருவர் பாடித்தரும் பின்னணிப் பாடல் வேரூன்றியதும் அந்தத் தகுதி தேவையற்றுப் போனது. டி.ஆர். மகாலிங்கம் பிறகும் பாடி நடித்தாரே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அவர் விதிவிலக்காகவே மிஞ்சினார். 1952இல் ‘பராசக்தி’யில் வசனத்தால் தமிழ்நாட்டைக் கட்டிப்போட்ட சிவாஜி கணேசனுக்குப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன்.