நம்பர் பிளேட் இல்லாத கார்... நூம்பல் டு இருங்காட்டுக்கோட்டை!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணி. பூந்தமல்லி நெடுஞ்சாலை இன்னும் முழுசாகக் கண் விழித்திருக்காது. வேலப்பன்சாவடி டீக்கடைகளில் பாய்லர் சூடேறும் நேரம். அங்கிருந்து தெற்கே திரும்பினால் நூம்பல். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கும் மவுண்ட் - பூந்தமல்லி சாலைக்கும் நடுவில் அமர்ந்திருக்கும் ஊர். நேற்றுவரை கிராமம், இன்று அடுக்குமாடிகள், நாளை என்ன ஆகுமோ என்று யோசிக்க வைக்கும் காலி மனைகள்... சென்னையின் மேற்குப் புறநகருக்கே உரிய முகம்.

இந்த ஊருக்கும் ரேஸ் காருக்கும் என்ன சம்பந்தம்? வரைபடத்தை விரித்துப் பார்த்தால் விளங்கும். மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறி வடக்கே போனால், ஒரு காலத்தில் இந்தியாவின் ரேஸ் பிரியர்கள் எல்லாம் திரண்ட சோழவரம். வடகிழக்கில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் பாடியும். பிரேக், சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று நாட்டின் பாதி கார்களுக்கு உதிரிபாகம் கொடுத்த பூமி அது. நகருக்குள் போனால் புதுப்பேட்டை. சொந்தமாக ஒரு குட்டி ரேஸ் கார் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு, சென்னையில் இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆசைப்படலாம். ஆனால், அந்த காரை வீட்டு வாசலில் இருந்து தெருமுனை டீக்கடை வரைகூட ஓட்டிப் போக முடியாது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

முதலில் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன. காங்கிரீட் தரை மிச்சமிருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்தத் தரையைப் பந்தயத் திடலாக்கியது. மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஃபியட், புல்லட், ஜாவா என்று வீட்டில் ஓடும் வண்டிகளே அங்கே பந்தய வண்டிகளாக மாறின. பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பம்பரைக் கழற்றிவிட்டு, எடையைக் குறைத்துக்கொண்டு களம் இறங்குவார்கள். விஜய் மல்லையா 'என்சைன்' என்ற நிஜ ஃபார்முலா ஒன் காரையே அங்கு கொண்டுவந்து ஓட்டிய கதையை அந்தக் கால ரசிகர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஓடுதளத்தை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று கிளப் சொந்தமாக நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தடம் அமைத்தது. நீளம் 3.717 கிலோமீட்டர். 12 வளைவுகள். இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது இந்தத் தடத்தில்தான். அதுவும் எதில்? ஃபார்முலா மாருதியில்.

இந்த ஃபார்முலா மாருதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் கரிவரதன் செய்த வேலை அது. வெளிநாட்டு ரேஸ் கார் வாங்கக் காசும் கிடையாது, இறக்குமதி அனுமதியும் கிடையாது என்ற காலம். அவர் மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்தார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு செய்தார். ஃபைபரில் மேலுடை போட்டார். டவுனில் காய்கறி வாங்கப் போகும் காரின் இன்ஜின், ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டியில் ஏறிக்கொண்டது. 1995-ல் ஒரு விபத்தில் அவர் இறந்துபோனார். அவர் போட்ட பாதையில்தான் பிறகு எஸ்டீம் காரின் 1300 சிசி இன்ஜினோடு ஃபார்முலா எல்.ஜி.பி வண்டிகள் வந்தன. கோவையின் பந்தயத் தடத்துக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர் வைத்தது பொருத்தம்தான்.

கடல் கடந்து இதே யோசனை வேறு விதமாக ஓடியது. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957-ல் 'லோட்டஸ் செவன்' என்ற இரண்டு சீட்டு வண்டியை வெளியிட்டார். கதவு கிடையாது, கூரை பெயருக்கு ஒரு துணி, முன்சக்கரங்கள் உடம்புக்கு வெளியே தனியாக நிற்கும். முழு காராக வாங்கினால் வரி. உதிரிபாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. எப்படிப் பூட்டுவது என்ற குறிப்புப் புத்தகம் கொடுத்தால் வரிச் சலுகை போய்விடும் என்பதால், எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது! நம்மூர் ஆடிட்டர்கள் கைதட்ட வேண்டிய யோசனை.

1973-ல் அந்த வண்டியின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. இன்றும் அங்கே பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டலாம். அவர்களின் 'செவன் 170' மாடலின் எடை சுமார் 440 கிலோ. நம் பழைய மாருதி 800-ஐவிட இருநூறு கிலோ குறைவு. அதற்குள் இருக்கும் இன்ஜின் எது தெரியுமா? சுசூகியின் 660 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ. கரிவரதன் கைவைத்த அதே வம்சம்!

எடை குறைந்தால் அப்படி என்ன லாபம்? அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறவரையும், வெறுங்கையோடு ஓடுகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில் ஓடுவதை விடுங்கள். தெருமுனையில் சட்டென்று திரும்பச் சொன்னால்தான் மூட்டையின் அருமை தெரியும். 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,000 கிலோ காரை நிறுத்த, அதே வேகத்தில் வரும் 500 கிலோ காரைவிட இரண்டு மடங்கு சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். எனவே லேசான வண்டிக்கு பிரேக்கும் டயரும் நிதானமாகத் தேயும், பெரிய இன்ஜினும் தேவையில்லை. செலவு மிச்சம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். நம்புவார்களா என்பது வேறு விஷயம். "எல்லாம் சரிங்க, இதுல பசங்க எங்க உட்காருவாங்க?" என்ற கேள்விக்கு எந்தப் பொறியாளரிடமும் பதில் கிடையாது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. மகாராஷ்டிராவின் 'சிங்காரா மோட்டார்ஸ்', லோட்டஸ் செவன் சாயலில் 'ரோட்ஸ்டர்' என்ற ஃபைபர் உடம்பு காரைச் செய்தது. அதற்குள் இருந்தது இசுஸூ 1.8 லிட்டர் இன்ஜின். பிற்கால அம்பாசடர்களுக்கு வலு கொடுத்த அதே ரகம். டாக்சி ஸ்டாண்டில் நின்ற இன்ஜின், ஸ்போர்ட்ஸ் காருக்குள் போய் உட்கார்ந்தது.

இப்போது அந்த டீக்கடைக் கதை. இந்தியச் சாலையில் ஒரு மோட்டார் வண்டி ஓட வேண்டுமென்றால், அந்த மாடலை புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்கள் சோதித்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதி இது. புகை, பிரேக், விளக்கு என்று அத்தனை சோதனைகளையும், ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனி தாங்கும். ஷெட்டில் ஒரே ஒரு வண்டி பூட்டியவரால் எப்படித் தாங்க முடியும்? சரி, ஏற்கெனவே பதிவான காரை மாற்றிக்கொள்ளலாமா என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரித்த நிறுவனம் சொன்ன அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஆக, வீட்டில் பூட்டிய காருக்கு நம்பர் பிளேட் கிடையாது. திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் கொண்டுபோவதானாலும் இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதன் உலகம் ஷெட்டும் பந்தயத் தடமும் மட்டும்தான். இது அநியாயம் என்று புலம்புகிற ஆர்வலர்கள் உண்டு. ஆனால், வேலப்பன்சாவடி சிக்னலில் தண்ணீர் லாரிக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவே, இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு வண்டியைக் கற்பனை செய்து பார்த்தால், சட்டம் கொஞ்சம் இரக்கம் உள்ளதாகவே தெரிகிறது.

தடத்தில் ஓடுவது ஒரு நாள். அதற்கு முன்னும் பின்னும் ஷெட்டில் கழியும் நாட்கள்தான் அதிகம். சென்னைக் காற்றின் ஈரம்தான் முதல் எதிரி. வண்டியின் கூடு இரும்புக் குழாய். மேலே அலுமினியத் தகடு. இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு ஆரம்பிக்கும். குழாயின் மேல் பூச்சு ஓர் இடத்தில் பெயர்ந்தாலும், துரு அதற்கு அடியில் சத்தமில்லாமல் ஊர்ந்துபோகும். எனவே ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும் டார்ச் லைட்டோடு படுத்து, ஒவ்வொரு வெல்டிங் முனையிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்கு ஒதுங்கும் எலிகள் வயரைக் கடித்து வைக்கும். அது எல்லா கார்களுக்கும் பொது.

அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. 'டாட் 4' என்று குறிக்கப்பட்ட புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. அதுவே ஈரம் ஏறிவிட்டால், கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. தடத்தில் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கும்போது ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம்போல அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அதனால் தடத்துக்குப் போவதற்கு முன்பு ஆயிலை மாற்றிவிட வேண்டும். ஒரு புது டப்பாவின் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர், இந்த விளையாட்டுக்கு வராமல் இருப்பதே நல்லது.

இன்ஜின் ஆயிலுக்கு வேறு பிரச்னை. நீளமான வளைவில் வேகமாகத் திரும்பும்போது, சம்ப்பில் உள்ள ஆயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய்க்குக் காற்றுதான் கிடைக்கும். சில விநாடி ஆயில் இல்லாமல் சுற்றினாலே பேரிங் காலி. சாதாரண காரிலிருந்து எடுத்த இன்ஜின் இந்த ஆட்டத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான்.

பிறகு, போல்ட்டுகள். லேசான வண்டி அதிர்ந்துகொண்டே ஓடும்; அதிர்ந்தால் நட்டு தளரும். டார்க் ரென்ச்சில் சொன்ன அளவுக்கு முடுக்கி, நட்டின் மேலிருந்து சட்டம் வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். ஓடிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு உடைந்து விலகியிருந்தால், நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து ரூபாய் தூரிகை வேலை. ஓட்டுகிறவரின் உயிர் அந்தக் கோட்டில் இருக்கிறது.

விடியற்காலையில் வண்டியை ஏற்ற வேண்டும். குட்டி யானை போதாது. அதன் பெட்டி 7 அடிதான், வண்டியோ 10 அடிக்கு மேல். பலகை போட்டு, ரெக்கவரி வண்டியில் தள்ளி ஏற்றி, பெல்ட் போட்டு இறுக்கி, தார்ப்பாய் மூடினால் பயணம் தொடங்கும். பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம். இடது பக்கம் ஏரிக்கரை கூடவே வரும். 2015 வெள்ளத்தை மறக்காதவர்கள் அந்தக் கரையை இன்றும் ஒருமுறை உற்றுப் பார்ப்பார்கள். தண்டலம் கடந்தால் இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளிவந்த ஹூண்டாய் ஆலைக்குப் பக்கத்திலேயே பந்தயத் தடம். ஒரு பக்கம் குடும்ப கார்கள் பிறக்கின்றன; மதிலுக்கு அந்தப் பக்கம் கூரைகூட இல்லாத கார்கள் உறுமுகின்றன.

'டிராக் டே' என்பது பந்தயம் அல்ல. கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, அவரவர் வண்டியை அவரவர் திறமைக்கு ஓட்டிப் பார்க்கும் நாள். கோப்பை கிடையாது. எதிரே யாரும் வர மாட்டார்கள். மாடு குறுக்கே வராது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். ஆனாலும் இது விளையாட்டுத் திடல் மட்டும் அல்ல என்பதை இந்தத் தடம் மறக்கவிட்டதில்லை. 2023 ஜனவரி 8 அன்று தேசிய கார் பந்தயத்தின்போது, 59 வயது அனுபவசாலி கே.இ.குமாரின் கார் இன்னொரு காரோடு மோதித் தடத்தைவிட்டு வெளியே பாய்ந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயது பைக் வீரரும் இதே தடத்தில் விழுந்து இறந்தார். பல்லாண்டு ஓட்டியவரையும், ஆரம்பித்தவரையும் ஒன்றுபோலவே நடத்தியது தடம்.

அதனால்தான் சீட் பெல்ட்டின் தையலில் உள்ள தேதியைப் பார்க்கச் சொல்கிறார்கள். பந்தய பெல்ட்டுக்கும் மருந்து மாத்திரைபோலக் காலாவதி உண்டு. தலைக்குப் பின்னால் உள்ள வளைகம்பி, உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட்டைவிட உயரமாக இருக்க வேண்டும். கூரை இல்லாத காரில் கூரை அது மட்டும்தான்.

மாலையில் திரும்பும்போது டயரின் ஓரம் தேய்ந்திருக்கும். ஓட்டியவரின் கழுத்து மறுநாள் வலிக்கும். நூம்பலுக்குள் நுழையும்போது தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் ஸ்டம்ப்பைத் தூக்கிவிட்டு வழிவிடுவார்கள். தார்ப்பாயை விலக்கினால் ஒரே கூட்டம். "அண்ணா, மைலேஜ் எவ்ளோ?" என்பதுதான் முதல் கேள்வி. இறக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை கழுவுவது அல்ல. டார்ச்சை எடுத்துக்கொண்டு மஞ்சள் கோடுகளைப் பார்ப்பது.